கொடியசைப்போம், சரி... யாரை நினைப்போம்?



ஆகஸ்டுத் திங்கள் பிறந்துவிட்டால் நம் நாட்டுப் பள்ளிகள் யாவும் கொடிமயமாகிவிடும். வகுப்பறைக் கதவுகளில் ஜாலுர் கெமிலாங் தொங்கும். சபைகூடலில் நாட்டுப்பற்றுப் பாடல்கள் ஒலிக்கும். வண்ணம் தீட்டும் போட்டி, பேச்சுப்போட்டி, வகுப்பறை அலங்காரப் போட்டி என நாள்கள் நகரும். ஆகஸ்டு 31-இல் உச்சத்தைத் தொடும் இக்கொண்டாட்டம் செப்டம்பர் 16 மலேசிய நாளோடு நிறைவெய்தும். பிறகு கொடிகள் மடித்து அலமாரியில் வைக்கப்படும். ஆண்டிறுதித் தேர்வைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும்.

இந்தக் கொண்டாட்டங்களால் நம் மாணவர்களின் உள்ளத்தில் நாட்டுப்பற்று வளர்கிறதா? பல்லினத்தாரிடையே ஒற்றுமை மலர்கிறதா? ஆசிரியர் அறையிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் இவ்வினாவுக்கு இருவகை விடைகளைக் கேட்கலாம். "இவையெல்லாம் வெறும் சடங்கு, படம் எடுத்து அறிக்கை அனுப்புவதற்காகச் செய்யப்படுபவை" என்பார் சிலர். "சின்னஞ்சிறு வயதில் கொடியைப் பிடித்த கை பெரியவனானதும் நாட்டைத் தாங்கும்" என்பார் வேறு சிலர்.

இவ்விரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது என்பதே என் கருத்து. வரலாற்று நாள்களைக் கொண்டாடுவது நாட்டுப்பற்றையும் ஒற்றுமையையும் வளர்க்கும். ஆனால், அந்த வரலாற்றுக்குள் தன் பாட்டனையும் பாட்டியையும் ஒரு குழந்தை காண வேண்டும். அடுத்த வீட்டுக் குழந்தையின் பாட்டனையும் பாட்டியையும் கண்டு தலைவணங்கக் கற்க வேண்டும். இவ்விரண்டும் நிகழாத கொண்டாட்டம் கொடி விற்பவருக்கு மட்டுமே பயன்தரும். இக்கருத்தைச் சற்று விரிவாக எழுத விழைகிறேன்.

திருத்திக்கொள்ளப்பட்ட நாட்காட்டி

தேசியக் கொண்டாட்டங்கள் கல்லில் பொறித்தவை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவை மனிதர் வகுத்தவை, மனிதர் திருத்தக்கூடியவை. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது.

1957 ஆகஸ்டு 31-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் துங்கு அப்துல் ரகுமான் ஏழு முறை 'மெர்டேக்கா' என முழங்கியது மலாயாவின் விடுதலை. சபாவும் சரவாக்கும் அன்று இந்நாட்டில் இல்லை. அவை இணைந்து மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16-இல். முதலில் அதே ஆண்டு ஆகஸ்டு 31-இல்தான் மலேசியாவை அறிவிப்பதாக இருந்தது. இந்தோனேசியாவும் பிலிப்பீன்சும் எதிர்ப்புத் தெரிவிக்கவே, அவ்விரு மாநில மக்களின் விருப்பத்தை ஐக்கிய நாட்டு நிறுவனக் குழு ஆராய்ந்தது. அதனால் நாள் தள்ளிப் போயிற்று.

இருப்பினும், பல்லாண்டுகளாக நாடு முழுவதும் ஆகஸ்டு 31-ஐ மட்டுமே பெருவிழாவாகக் கொண்டாடி வந்தோம். செப்டம்பர் 16 நாடு தழுவிய பொது விடுமுறையானது 2010-ஆம் ஆண்டிலிருந்துதான். அதாவது, நாடு பிறந்து 47 ஆண்டுகள் கழித்து, அதன் பிறந்தநாளுக்கு உரிய இடம் கிடைத்தது. கடலுக்கு அப்பாலுள்ள நம் உடன்பிறப்புகள் 'எங்கள் நாள் எங்கே?' என்று கேட்டுக்கொண்டே இருந்ததன் பயன் இது.

இதனால் ஆகஸ்டு 31-இன் பெருமை குறைந்துவிடவில்லை. இன்று இரண்டு நாள்களையும் இணைத்தே தேசிய மாதத்தைக் கொண்டாடுகிறோம். நினைவின் வட்டத்தை விரிவாக்கினால் நாடு பிளவுபடாது, வலுப்பெறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அம்பாங்கிலிருந்து பார்த்தால்...

நாம் வாழும் அம்பாங்கையே எடுத்துக்கொள்வோம். 'எம்பாங்கான்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு அணை என்பது பொருள். ஈயச் சுரங்கங்களுக்கு நீர் தேக்கிய அணையால்தான் இவ்விடத்திற்கு இப்பெயர் வந்தது என்பர்.

விடுதலைக்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1857-ஆம் ஆண்டில், கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா ஈயம் தேட 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பினார். அவர்கள் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் கரையேறி, காட்டுவழியே நடந்து அம்பாங் வந்து சேர்ந்தனர். ஒரு மாதத்திற்குள் காய்ச்சலும் காடும் அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றுவிட்டன. எஞ்சியோர் 18 பேர் மட்டுமே. மேலும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். ஈயம் கிடைத்தது. ஆறுகள் கூடும் சேற்றுக்கரையில் முளைத்த கடைகள்தாம் பின்னாளில் கோலாலம்பூர் மாநகரமாயின.

அம்பாங்கில் நாள்தோறும் பள்ளிக்கு வரும் நம் மாணவர்களில் எத்தனை பேர் இதனை அறிவர்? இந்நகரின் முதல் பலி அந்த 69 பெயரில்லா மனிதர்கள். அவர்களுக்கு நாம் உறவினர் அல்லர். ஆயினும், அவர்கள் இறந்த மண்ணில்தான் நம் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். ஒரு தமிழ்க் குழந்தை அவர்களை நினைத்து ஒரு நிமிடம் அமைதி காத்தால், அந்த ஒரு நிமிடம் ஒற்றுமையைப் பற்றிய பத்துச் சொற்பொழிவுகளைவிட மேலானது.

நம் பிள்ளைகள் அறியாத நம் வரலாறு

இனி நம்மவர் பக்கம் வருவோம். மலேசியத் தமிழரின் வரலாற்றைப் பேசத் தொடங்கினால், 'காட்டை அழித்து நாட்டை ஆக்கினோம்' என்னும் ஒரு வரியோடு பலரும் நிறுத்திக்கொள்கிறோம். அந்த வரி பொய்யன்று. ரப்பர் தோட்டங்கள், சாலைகள், இரயில் பாதைகள், கிள்ளான் துறைமுகம் ஆகியவற்றில் நம் முன்னோரின் வியர்வை கலந்திருக்கிறது. ஆனால், வியர்வையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால், அவர்கள் உழைக்க மட்டுமே தெரிந்தவர்கள் என்னும் எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடும். அவர்கள் உரிமைக்காக எழுந்தும் நின்றார்கள்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆர்.எச். நாதன் அவர்களின் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், மருத்துவமும் பிள்ளைகளுக்குக் கல்வியும் மேம்பட வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பன அவர்களின் கோரிக்கைகளுள் சில. இன்னொரு கோரிக்கையும் இருந்தது. வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்!

மிதிவண்டியிலிருந்து இறங்கமாட்டேன் என்று சொன்ன அந்த மனிதன் கேட்டது காசு அன்று, மானம். அந்நிய ஆட்சியில் 'நானும் மனிதன்' என்று நிமிர்ந்து நிற்பதன்றோ விடுதலையின் முதல் எழுத்து? நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர். இது நடந்தது மெர்டேக்காவுக்குப் 16 ஆண்டுகளுக்கு முன். அம்பாங்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில்.

ஜப்பானியர் காலம் வந்தது. 1942-இலும் 1943-இலும் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை போடப்பட்டது. பொய் வாக்குறுதி கூறியும் வலுக்கட்டாயமாகப் பிடித்தும் மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எனக் கணக்கிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அடியும் பல்லாயிரவரைக் கொன்றன. காஞ்சனபுரியில் காமன்வெல்த்துப் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அங்கே துயில்கின்றனர். புல்வெளி வெட்டப்பட்டு, பூச்செடிகள் வைக்கப்பட்டு, பெரும்பாலான கற்களில் பெயரும் வயதும் பொறிக்கப்பட்டுள்ளன. அதே பாதையில் மாண்ட நம் தமிழர்களுக்கு அத்தகைய பெயர்க்கற்கள் இல்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண இரயில்' என்றும், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' என்றும் நாவல்கள் எழுதினார்கள். கல் செய்யாததை எழுத்து செய்தது.

அதே காலத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் அழைப்பை ஏற்று இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தோரும் இம்மண்ணின் தமிழர்களே. கோலாலம்பூர்ப் பெண்ணான ஜானகி ஜான்சி ராணிப் படையின் துணைத் தளபதியானார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பனாக ம.இ.கா.வின் தொடக்கக்கால உறுப்பினருள் ஒருவராகவும் நாடாளுமன்ற மேலவை உறுப்பினராகவும் இந்நாட்டுக்குத் தொண்டாற்றி 2014-இல் மறைந்தார். அதே படையில் இருந்த இராசம்மா பூபாலன் பின்னர் ஆசிரியராகி, பெண் ஆசிரியர்களின் சம ஊதியத்திற்காகப் போராடினார்.

இங்கே ஒரு முரணைக் கவனியுங்கள். ஜப்பானியரோடு கைகோத்த படையில் ஒரு தமிழன் துப்பாக்கி ஏந்தினான். அதே ஜப்பானியரின் சாட்டையின்கீழ் இன்னொரு தமிழன் சயாம் காட்டில் மடிந்தான். இருவரும் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த லயங்களில் வாழ்ந்தவர்களாகவும் இருக்கலாம். வரலாறு இப்படித்தான் இருக்கும். நல்லவன், கெட்டவன் என்று இரண்டு நிறத்தில் வண்ணம் தீட்ட முடியாது. இதனைக் குழந்தைகள் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று நாம் நினைக்கிறோம். புரிந்துகொள்வார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத்தான் நாம் அஞ்சுகிறோம்.

சங்கடமான நினைவுகளை என்ன செய்வது?

இங்குத்தான் எதிர்வாதம் எழும். "பழைய காயங்களைக் கிளறினால் ஒற்றுமை குலையும். கொண்டாட்ட நாளில் மகிழ்ச்சியானவற்றை மட்டும் பேசலாமே?" என்று கேட்போர் உளர். அவர்களின் அச்சத்தை நான் இகழவில்லை. பிரெஞ்சு அறிஞர் எர்னெஸ்ட் ரெனான் 1882-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையிலேயே, ஒரு நாடு உருவாக மக்கள் பலவற்றை மறந்தாக வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார்.

ஆனால், மறதிக்கும் மன்னிப்புக்கும் வேறுபாடு உண்டு. தெரிந்துகொண்ட ஒன்றைத்தான் மன்னிக்க முடியும்.

மலாயா கணபதியை எடுத்துக்கொள்வோம். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ்.ஏ. கணபதி. அவசரகாலச் சட்டத்தின்கீழ்த் துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, இந்திய அரசு கருணை காட்ட வேண்டியும், 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள்தான் அவருடைய தோழர் பி. வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். கணபதியைத் தியாகி என்பார் உளர். கம்யூனிஸ்டு வன்முறைக்குத் துணைபோனவர் என்பாரும் உளர். அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளால் கொல்லப்பட்ட காவலர்களின் குடும்பத்தார் இன்றும் இந்நாட்டில் வாழ்கின்றனர். அவர்களில் மலாய்க்காரர்கள் மிகுதி. அவர்களின் துயரும் துயரே. அவசரகாலம் முடிவுற்ற ஜூலை 31-ஆம் நாளை வீரர்கள் நாளாக நாடு போற்றுவது இதனால்தான்.

ஆகவே, கணபதியை ஆகஸ்டு 31 மேடையில் ஏற்றிப் போற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அவர் பெயரே கேளாமல் ஒரு தமிழ் மாணவன் எஸ்.பி.எம். வரலாற்றுத் தாளில் தேர்ச்சி பெறுவது நல்லதன்று என்கிறேன். 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம். அவ்வளவு முதன்மை பெற்ற பாடத்தில் இருபக்கத்தையும் சொல்லி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். அவ்வாறு கேட்கப்படும் மாணவனே நாளை சமூக ஊடகத்தில் வரும் இனவெறிப் பதிவைக் கண்டு நின்று நிதானித்துச் சிந்திப்பான்.

காயத்தை மறைக்காமல் அதிலிருந்தே ஒற்றுமையைத் தேடிய நாடுதான் இது என்பதையும் மறந்துவிடலாகாது. 1969 மே 13-இல் கோலாலம்பூர் வீதிகளில் குருதி சிந்தியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 31-இல் ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு பிரகடனம் செய்யப்பட்டது. இறைவன் மீது நம்பிக்கை வைத்தல், பேரரசருக்கும் நாட்டிற்கும் விசுவாசம் செலுத்துதல் எனத் தொடங்கும் அதன் ஐந்து கூறுகளை நம் மாணவர்கள் சபைகூடலில் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அது ஏன் பிறந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஏனென்று அறியாத உறுதிமொழி, பொருளறியாமல் சொல்லும் மந்திரத்தைப் போன்றது.

பிறநாட்டுப் பாடங்கள்

நினைவுநாள் மக்களைச் சேர்க்கவும் வல்லது, பிரிக்கவும் வல்லது. இதனை அண்டை நாடுகளிடமிருந்து அறியலாம்.

இலங்கையின் விடுதலை நாள் பிப்ரவரி 4. அரசு விழாவில் நாட்டுப்பண் தமிழில் பாடப்பட்டது 1949-க்குப் பிறகு 2016-இல்தான். எத்தனையோ தமிழர்கள் அன்று கண்கலங்கினர். 2020-இல் மீண்டும் தமிழ்ப்பாடல் விடப்பட்டது. அதே கொடி, அதே மைதானம், அதே அணிவகுப்பு. ஒரு மொழியைச் சேர்த்தபோது விழா ஒரு பொருளைத் தந்தது, விலக்கியபோது வேறொரு பொருளைத் தந்தது. மூன்று நிமிடப் பாடலுக்கு இவ்வளவு ஆற்றல் உண்டு.

சிங்கப்பூர் 2019-இல், இராஃபிள்ஸ் வந்திறங்கிய 200-ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தது. குடியேற்ற அதிகாரி ஒருவரின் வருகையைக் கொண்டாடலாமா என்னும் கேள்வி எழத்தானே செய்யும்? அவர்கள் செய்தது கவனத்திற்குரியது. சிங்கப்பூர் ஆற்றோரத்தில் உள்ள இராஃபிள்ஸ் சிலைக்கு அருகே சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங், நாராயண பிள்ளை ஆகிய நால்வரின் சிலைகளையும் வைத்தனர். நாராயண பிள்ளை இராஃபிள்ஸுடன் 1819-இல் வந்து, செங்கல் சூளை வைத்து, ஸ்ரீ மாரியம்மன் கோயில் உருவாகக் காரணமாயிருந்த தமிழர். ஒருவர் நின்ற இடத்தில் ஐவர் நின்றனர். அவ்வழியே நடக்கும் தமிழ்ச் சிறுமி நிமிர்ந்து பார்க்க அங்கே ஒரு முகம் இருந்தது.

செங்கல் என்றதும் நம் பிரிக்பீல்ட்ஸ் நினைவுக்கு வருகிறது. 1880-களில் கோலாலம்பூரை அத்தாப்புக் குடிசைகளிலிருந்து செங்கற் கட்டடங்களுக்கு மாற்றியபோது அங்கிருந்த சூளைகளே அவ்விடத்துக்குப் பெயர் தந்தன. அதன் நடுவே ஓடும் சாலை இன்று துன் சம்பந்தன் பெயர் தாங்கி நிற்கிறது. தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தோற்றுவித்தவர், தேசிய ஒற்றுமை அமைச்சராக இருந்தவர். அச்சாலையில் தீபாவளிக்குத் துணி வாங்கச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அப்பெயர் வெறும் முகவரி. யாருடைய குறை இது?

சின்னமும் உள்ளமும்

2025 ஏப்ரல் 21 முதல் மாணவர்களின் பள்ளிச் சீருடையில் ஜாலுர் கெமிலாங் சின்னம் அணியும் நடைமுறை வந்தது. அதே ஆண்டு கொடி தலைகீழாக ஏற்றப்பட்ட நிகழ்வுகள் பற்றிப் பெரும் சர்ச்சைகள் எழுந்ததையும் நாம் கண்டோம்.

சின்னம் அணிவதை நான் குறைகூற மாட்டேன். சீருடையில் நாட்டின் கொடி இருப்பது அழகே. ஆனால், சின்னத்தைச் சட்டையில் குத்துவதற்கு ஒரு நொடி போதும். அதன் பொருளை உள்ளத்தில் பதிக்க ஆறாண்டுத் தொடக்கக்கல்வி வேண்டும். கொடியிலுள்ள 14 கோடுகள் எவற்றைக் குறிக்கின்றன என்று அறிந்த பிள்ளை அதைத் தலைகீழாகப் பிடிக்காது. அறியாமல் பிடித்துவிட்டாலும், அன்போடு திருத்தும் நாடே வலிமையான நாடு. ஒருவர் தவறுவதற்காகக் காத்திருந்து அவர் இனத்தின் மேல் பாய்வது நாட்டுப்பற்றாகாது. நாட்டுப்பற்றின் பெயரால் செய்யப்படும் பகைமையே அது.

என்ன செய்யலாம்?

குறை கூறிவிட்டு நகர்வது ஆசிரியருக்கு அழகன்று. தமிழ்ப்பள்ளிகளில் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவற்றைக் கீழே தருகிறேன்.

1. ஓர் இரயில் பயணம். அம்பாங் நிலையத்தில் மாணவர்களோடு எல்.ஆர்.டி. ஏறுங்கள். ஈயக் காலத்து அம்பாங் இரயில் தடத்தை ஒட்டியே இன்றைய பாதையும் செல்கிறது. ஹங் துவா நிலையத்தருகே கணபதி தூக்கிலிடப்பட்ட புடு சிறை இருந்தது. 2010 முதல் இடிக்கப்பட்டு, இன்று அங்கே பேரங்காடி நிற்கிறது, பழைய நுழைவாயில் மட்டும் எஞ்சியுள்ளது. மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் இறங்கினால் அந்த 87 பேர் கரையேறிய ஆற்றுக்கூடலைக் காணலாம். அங்கிருந்து நடந்தால், 1957-இல் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கிய டத்தாரான் மெர்டேக்கா. ஒரே காலைப்பொழுதில் நூறாண்டு வரலாறு! பேருந்து வாடகையும் மிச்சம்.

2. வீட்டு வரலாற்றேடு. ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தில் மூத்தவரிடம் ஐந்து கேள்விகள் கேட்டு எழுதட்டும். எந்த ஊரில் பிறந்தீர்கள்? எந்தத் தோட்டத்தில் வளர்ந்தீர்கள்? சயாமுக்குப் போனவர் நம் குடும்பத்தில் உண்டா? மெர்டேக்கா நாள் நினைவிருக்கிறதா? நீல அடையாள அட்டை எப்போது கிடைத்தது? இவற்றைத் தைத்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். 1957-இல் பத்து வயதாயிருந்தவர் இன்று எண்பதை நெருங்குகிறார் அல்லது கடந்துவிட்டார். கேட்க வேண்டியதை இப்போதே கேட்டாக வேண்டும். ஒவ்வொரு முதியவரின் மறைவோடும் எழுதப்படாத ஓர் ஏடு எரிகிறது.

3. பிறர் கதையைச் சொல்லும் போட்டி. பேச்சுப்போட்டியில் தமிழ் மாணவர் தம்மினத்தின் பெருமையை மட்டும் பேசாமல், வேறினத்தாரின் தியாகத்தைப் பேசட்டும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரின் அபின் குன்றில் இறுதிவரை நின்று போரிட்ட லெப்டினன்ட் அட்னான் சாயிடியையும் மலாய்ப் படைப்பிரிவு வீரர்களையும் ஒருவர் பேசட்டும். உள்நாட்டுப் போரில் சிதைந்த கோலாலம்பூரை மீண்டும் எழுப்பிய யாப் ஆ லோயை இன்னொருவர் பேசட்டும். அருகிலுள்ள சீனப்பள்ளியையும் தேசியப்பள்ளியையும் அழைத்து, அவர்களின் மாணவர்களை நம் சயாம் மரண இரயிலைப் பற்றிப் பேசச் சொல்வோம். நம் கதையைப் பிறர் வாயால் கேட்கும்போது உண்டாகும் நெருக்கத்தை அனுபவித்தே அறிய வேண்டும்.

4. செப்டம்பர் 16-க்கு உரிய இடம். ஆகஸ்டு முழுவதும் ஓடிக் களைத்து, மலேசிய நாளை ஒரு சுவரொட்டியோடு முடித்துவிடுகிறோம். சபா, சரவாக் பற்றி ஒரு வாரமாவது பேசுவோம். கடாசான், டூசுன், ஈபான் என்னும் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குத் தேர்வு விடைகளாக மட்டும் இருக்கலாகாது.

நிறைவாக...

'சிறுபான்மையினராகிய நாம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நம் வரலாற்றை அவர்களன்றோ மதிக்க வேண்டும்?' என்று என்னிடம் கேட்ட பெற்றோர் உண்டு. அவர்களின் மனவருத்தம் நியாயமானது. பாடநூலில் நம்மவர்க்கு ஒதுக்கப்படும் பக்கங்கள் போதா என்பதை நானும் ஏற்கிறேன். அதற்காக உரியவர்களிடம் தொடர்ந்து எழுதவும் பேசவும் வேண்டும். ஆனால், பாடநூல் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1816-இல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க்கல்வி இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளாக நிற்கிறது என்றால், யாரோ தருவார் என்று காத்திராமல் நம் முன்னோர் தோட்டத்துக் கொட்டகையிலும் பலகை மாட்டிப் பாடம் நடத்தியதே காரணம். நம் வரலாற்றை நாமே எழுதி, நம் பிள்ளைகளிடம் சொல்லி, பிறரையும் கேட்க அழைத்தால் மதிப்பு தானே வரும்.

இந்நாட்டை நேசிக்க ஒரு குழந்தைக்குக் கட்டளை தேவையில்லை. 'இது என் பாட்டன் மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்த மண். என் தோழனின் பாட்டன் ஈயம் தேடி மடிந்த மண். இன்னொரு தோழியின் பாட்டன் பகைவரை எதிர்த்து வீழ்ந்த மண்' என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தால் போதும். அக்குழந்தையின் கையிலுள்ள கொடி தானாகவே நேராக நிற்கும்.

இவ்வாண்டு தேசிய மாதத்தில் உங்கள் வீட்டு மூத்தவரிடம் ஒரு கேள்வியேனும் கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள்.

அன்புடன்,
அம்பாங்கிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்